பாக்டீரியாவ கொல்லாதீங்க சார், அதுதான் இந்த வாடைய தின்னும்

நகராட்சி ஆணையர் அய்யா, சேர்மன் அம்மா, குடிநீர் பிரிவு என்ஜினியர் சார், அப்புறம் பில்டர் ஹவுஸ்ல வால்வு திருப்பிக்கிட்டு கெடக்குற அண்ணனுங்க, எல்லாருக்கும் வணக்கம்.

குழாய்த் தண்ணி வாடை பத்திதான் எழுதுறேன், வேற எதுக்கு எழுதப் போறேன். பங்குனி பொறந்தா போதும், டீக்கடையில, ரேஷன் கடை க்யூவுல, வார்டு வாட்ஸ்அப் குரூப்புல எல்லாம் இதே பேச்சுதான். கடைமடை ஊரு நம்மது, போரு போட்டா உப்பு, அதனால வாய்க்கால்ல தண்ணி வர்றப்ப குளத்துல ரொப்பி வச்சுக்கிட்டு கோடை முழுக்க அதத்தான் குடிக்கிறோம். மேட்டூர ஜூன் 12-ல தொறந்து ஜனவரி 28-ல மூடுறது வழக்கம், மூடுனதுக்கப்புறம் குளத்துக்கு புதுத் தண்ணி ஏது, வெயிலு ஏற ஏற தண்ணி எறங்குது, பச்ச பூக்குது, சித்திரையில குழாயத் தொறந்தா சேத்து வாடை, மக்குன வைக்கோல் வாடை. அடுப்புல வச்சா கேக்கவே வேணாம், சூடேற சூடேற இன்னும் தூக்கலா அடிக்குது.

நாங்க புகார் குடுக்குறோம், நீங்க பிளீச்சிங் பவுடர கூட்டுறீங்க. ரெண்டு நாளு குளோரின் நெடியில வாடை தெரியாது, அப்புறம் பழைய கததான். அதுலயும் கவனிச்சுப் பாத்தீங்கன்னா டேங்க்குக்கு பக்கத்துத் தெருக்காரங்கள விட பைப் லைன் கடைசியில இருக்குற தெருக்காரங்கதான் அதிகமா கத்துவாங்க, ஏன்னா அங்க போய்ச் சேர்றதுக்குள்ள குளோரின் கொறஞ்சு போயிடுது, வாடை மட்டும் அப்படியே இருக்கு. குளோரினால அத ஒண்ணும் பண்ண முடியல, மேல போர்வ போத்தி மறைக்கத்தான் முடிஞ்சுது.

நான் இஞ்சினியரு கெடயாது. ஊருக்குத் தெக்க குளம் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு வளக்குறவன். ஆனா இந்த வாடைக்கும் எனக்கும் ரொம்ப காலப் பகை. தண்ணியில பாசி முத்துற சமயத்துல மீன் புடிச்சா வியாபாரி ஒண்ண அறுத்து மோந்து பாத்துட்டு "சேத்து வாடை அடிக்குதுப்பா"ன்னு சொல்லி கிலோவுக்கு இவ்ளோன்னு வெலய ஒடச்சிடுவாரு. அந்த மீன சுத்தமான தண்ணித் தொட்டியில சில நாளு தீனி போடாம விட்டாதான் வாடை எறங்கும். அந்த எரிச்சல்ல தேடித் தேடிப் படிச்சதுதான் இதெல்லாம். மீன்ல அடிக்கிற வாடையும் உங்க குழாய்ல அடிக்கிற வாடையும் ஒரே சரக்குதான் சார். ஜியோஸ்மின், எம்.ஐ.பி.ன்னு ரெண்டு பொருளு. மழ பேஞ்ச ஒடனே மண்ணுல இருந்து கெளம்புற வாசம் இருக்கே, அதுவும் ஜியோஸ்மின்தான், பீட்ரூட்ல வர்ற மண்ணு வாடையும் அதேதான். மண்ணுல அத பண்றது ஸ்ட்ரெப்டோமைசிஸ் மாதிரி பாக்டீரியா, குளத்துல பண்றது பெரும்பாலும் அனபீனா, ஆசிலட்டோரியா மாதிரி நீலப்பச்சைப் பாசி. மீனு அத செவுள் வழியா இழுத்து கொழுப்புல சேத்து வச்சுக்குது. குளத்து மீனுக்கு எங்க அப்பாயி புளிய கூட ஒரு உருண்ட கரைச்சு ஊத்துறதுல நெசமாவே வேதியியல் இருக்கு, புளிப்பு பட்டா ஜியோஸ்மின் ஒடஞ்சு வாடை இல்லாத பொருளா மாறிடும். குடிதண்ணியில புளி கரைக்க முடியாதே.

இதோட அளவு எவ்ளோன்னு கேட்டா நீங்களே நம்ப மாட்டீங்க. ஒரு லிட்டர்ல 10 நானோகிராம் இருந்தாலே நெறய பேரு மூக்கு புடிச்சிடும், சில பேருக்கு அதுல பாதியே போதும். கணக்கு போட்டா 10 கோடி லிட்டர் தண்ணியில 1 கிராம். 10 லட்சம் லிட்டர் டேங்க் ஒண்ணு வச்சுக்குங்க, அது மாதிரி 100 டேங்க் ரொப்பி மொத்தத்துக்கும் 1 கிராம் கலந்தா தெருவே மூக்கப் புடிக்கும். ஜப்பான்ல குடிதண்ணிக்கு இந்த ரெண்டு பொருளுக்கும் தனித்தனியா லிட்டருக்கு 10 நானோகிராம்னு வரம்பே வச்சிருக்காங்க. நம்ம நாட்டு குடிதண்ணி தரம் ஐ.எஸ். 10500-ல வாசனைக்கு நம்பர் கெடயாது, ஏத்துக்கற மாதிரி இருக்கணும்னு மட்டும் இருக்கு. அப்படீன்னா ஏத்துக்குறதா இல்லையான்னு சொல்ல வேண்டியது குடிக்கிற நாங்கதான?

பயமுறுத்த எழுதல, அதயும் சொல்லிடுறேன். இந்த அளவு ஜியோஸ்மினால ஒடம்புக்கு கெடுதல் இல்ல. ஆனா ஜனங்க மூக்க நம்பித்தான் தண்ணிய நம்புவாங்க. வாடை வந்தா குழாயத் தொட மாட்டாங்க, 20 லிட்டர் கேனு 30 ரூவா 40 ரூவான்னு வாங்குவாங்க, வாங்க முடியாதவங்க பக்கத்துல இருக்குற ஏதோ ஒரு கை பம்புல அடிச்சுக் குடிப்பாங்க, அந்தத் தண்ணி எப்படிப்பட்டதுன்னு யாரு பாத்தா. அது மட்டும் இல்ல, நீலப்பச்சைப் பாசியில சில ஜாதி மைக்ரோசிஸ்டின்னு ஈரல கெடுக்குற நஞ்சையும் பண்ணும், உலக சுகாதார நிறுவனம் அதுல எல்.ஆர்.னு ஒரு வகைக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்னு அளவு வச்சிருக்கு. வாடை வந்தா நஞ்சும் இருக்குன்னு அர்த்தம் இல்ல, வாடை இல்லேன்னா நஞ்சு இல்லேன்னும் அர்த்தம் இல்ல, ஆனா குளத்துல பாசி முத்திப் போச்சுன்னு நம்ம காதுல ஓதுறது அந்த வாடைதான்.

இப்ப குளோரின் வெவகாரத்துக்கு வர்றேன். ஜியோஸ்மின் மூலக்கூற ஒடைக்கிற அளவுக்கு குளோரினுக்கு தெம்பு பத்தாது. அதக் கூட விட்டுடலாம், பெரிய கொடும என்னன்னா அனபீனா மாதிரி பாசி உசுரோட இருக்குறப்ப ஜியோஸ்மின்ல பெரும் பங்கு அதோட செல்லுக்குள்ளயேதான் பூட்டிக் கெடக்கும். குளத்துல இருந்து தண்ணி உள்ள வர்ற எடத்துலயே நீங்க குளோரின் போட்டா பாசி செத்து செல்லு வெடிச்சு உள்ள இருந்ததெல்லாம் தண்ணியில கரைஞ்சிடுது. கரைஞ்சத படிகாரம் புடிக்காது, தொட்டியில அடியில தங்காது, மணலும் சும்மா வடிகட்டி நிறுத்தாது. முழு செல்லா வந்திருந்தா படிகாரத்துலயே திரிஞ்சு அடியில போயிருக்கும். குளத்துல மயில்துத்தம் தூவுறதும் இதே கததான், பாசி பூத்து நெறஞ்சதுக்கப்புறம் தூவுனா வாடையும் நஞ்சும் மொத்தமா கொட்டும்.

சரி அப்ப கரைஞ்சத எப்படித்தான் எடுக்கறது. ஓசோன் மிஷின் போடலாம், நம்ம நகராட்சி பட்ஜெட்ல அதப் பத்திப் பேசுறதே வீண். கார்பன் தூள் போடலாம், அது நல்லாவே வேல செய்யும், ஆனா வாடை அடிக்கிற மாசம் பூரா மூட்ட மூட்டயா கொட்டணும். மூணாவதா ஒரு வழி இருக்கு, அது நம்ம பில்டர் பெட்லயே, அதாவது தண்ணி வடிகட்டுற மணல் அடுக்குலயே இருக்கு, சம்பளமும் கேக்காது.

மணல் மேல தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா ஒவ்வொரு மணல் துணுக்கு மேலயும் வழவழன்னு ஒரு படலம் படியும். பாக்டீரியா குடியிருக்குற படலம் அது. தண்ணியில கரைஞ்சு வர்ற இலை தழை சத்துதான் அதுங்களுக்கு சாப்பாடு, அதத் தின்னுக்கிட்டே ஜியோஸ்மினையும் எம்.ஐ.பி.யையும் சேத்து ஒடச்சுப் போட்டுடும். ஜியோஸ்மின மட்டும் நம்பி ஒரு பாக்டீரியா குடும்பம் நடத்த முடியாது, அவ்ளோ கொஞ்சம் அது, அதனால அதுங்களுக்கு அது தொட்டுக்க மாதிரிதான். ஆஸ்திரேலியாவுல முர்ரே ஆத்துத் தண்ணிய சுத்தம் பண்ற மார்கன்ங்குற ஊரு நிலையத்துல இருந்து மணல எடுத்து ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. மூணு வகை பாக்டீரியா ஒண்ணா சேந்து ஜியோஸ்மின ஒடைக்குதுன்னு 2006-ல எழுதுனாங்க, அதுக்கப்புறம் தனி ஆளா ஒடைக்கிற ஸ்பிங்கோபிக்சிஸ்னு ஒண்ணயும் பிரிச்சு எடுத்தாங்க. இதுங்க எல்லாம் வெளிய இருந்து வாங்கி ஊத்துன சரக்கு இல்ல, பில்டர் மணல்ல தானா வந்து ஒக்காந்ததுங்க. (நாளைக்கே எவனாச்சும் பாட்டில்ல "கல்ச்சர்" போட்டு எடுத்துக்கிட்டு டெண்டருக்கு வருவான், எறா பண்ணைக்காரங்களக் கேட்டுப் பாருங்க அந்த பாட்டில் வியாபாரத்தப் பத்தி. தயவு செஞ்சு வாங்கிடாதீங்க.)

இதுங்க எதுல சாகும்னு எங்க தொழில்ல இருக்குற எல்லாருக்கும் தெரியும். பக்கத்துல ஒரு மீன் குஞ்சுப் பண்ணையில தொட்டித் தண்ணிய சுத்தி சுத்தி பில்டர்ல விட்டு எடுப்பாங்க, பில்டருக்குள்ள பிளாஸ்டிக் வளையம் கொட்டி வச்சிருப்பாங்க, அது மேல பாக்டீரியா படிஞ்சு அம்மோனியாவ தின்னுக்கிட்டு இருக்கும். புதுசா வேலைக்கு வந்த பையன், பாவம், நல்ல எண்ணத்துலதான், பழுப்பா கொழகொழன்னு இருக்குற வளையத்த எல்லாம் கூடையில அள்ளி குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில பளிச்சுன்னு கழுவி வச்சிட்டான். பாக்க புதுசு மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள்ல அம்மோனியா ஏறி குஞ்செல்லாம் மேல வந்து வாயப் பொளக்க ஆரம்பிச்சிடுச்சு. அந்தக் கொழகொழப்புதான் பில்டரு, வளையம் வெறும் வீடு.

நம்ம பில்டர் ஹவுஸ்ல நடக்கறதும் இதுதான். உள்ள வர்ற தண்ணியில குளோரின், அது மணல்ல எறங்குது. போதாததுக்கு பெட்ட பேக்வாஷ் பண்றதும், அதாவது கீழ இருந்து தண்ணிய மேல தள்ளி மணலக் கழுவுறதும், குளோரின் போட்டு முடிச்ச சுத்தத் தொட்டித் தண்ணியிலதான். நகராட்சி பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள சுத்திக் காட்ட நீங்க அனுமதிச்சப்ப நானும் கூட வந்தேன், காஞ்சு கெடந்த ஒரு பெட்ல இருந்து ஒரு பிடி மணல எடுத்து தேச்சுப் பாத்தேன், வெள்ள வெளேர்னு நறநறன்னு கட்டட வேலைக்கு கொட்டி வச்ச மணல் மாதிரி இருந்துச்சு. வேல பாக்குற பெட்டோட மணலு அப்படி இருக்காது, பழுப்பு ஏறி வெரல்ல லேசா வழுக்கும்.

இது என்னமோ வெளிநாட்டு சமாச்சாரம்னு நெனைக்காதீங்க. கொள்ளிடத்துல கோடையில ஊத்து தோண்டி அகப்பையில மொண்டு குடிச்சவங்க நம்மள்ல எத்தன பேரு இருக்கோம், மேல ஓடுற தண்ணி கலங்கலா பாசியா இருந்தாலும் ஊத்துத் தண்ணியில வாடையே இருக்காது. ஆத்து மணல்ல இருக்குற இதே பாக்டீரியாதான் அங்கயும் வேல பாக்குது. கொள்ளிடத்து மணலுக்குள்ள கிணறு எறக்கி தண்ணி எடுக்குற கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கெல்லாம் அந்த மணலே பாதி பில்டரு. ஜெர்மனியில டுசல்டார்ஃப் ஊருக்காரங்க 1870-ல இருந்து ரைன் நதிக்கரையில இப்படித்தான் எடுக்குறாங்க. (அந்த மணல லாரி லாரியா அள்ளிட்டுப் போனா கட்டடத்துக்கு மட்டும் போகல, நம்ம பில்டரும் சேந்துதான் போகுது. அது இன்னொரு மடலுக்கு.)

நாங்க கேக்கறது இதுதான். இருக்குற பெட்ல ஒண்ணே ஒண்ண மட்டும் ஒதுக்கிக் குடுங்க. அந்த பெட்டுக்குப் போற தண்ணியில முன்கூட்டி குளோரின் போடாதீங்க. படிகாரம் வழக்கம் போல போடுங்க, தொட்டியில நல்லா தெளிய விடுங்க, கலங்கலா உள்ள விட்டா மணல் அடைச்சுக்கும். அந்த பெட்ட பேக்வாஷ் பண்றதுக்கு குளோரின் போடாத தண்ணிய வச்சுக்குங்க, இல்ல ஒரு சின்ன தொட்டியில புடிச்சு வச்சு குளோரின் போனதுக்கப்புறம் எடுங்க. கழுவுன ஒடனே வர்ற மொத தண்ணிய ஒரு கால் மணி, அர மணி நேரம் வெளிய விட்டுட்டு அப்புறம் லைன்ல விடுங்க. பெட்டத் தாண்டி வந்த தண்ணியில குளோரின் போடுங்க, கண்டிப்பா போடணும், கடைசித் தெரு குழாய்ல லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் நிக்கிற மாதிரி. குளோரின நிறுத்துங்கன்னு நான் சொல்லல, அது நிக்கிற எடத்த மாத்துங்கன்னுதான் சொல்றேன்.

அப்புறம் வேகம். மணல் அடுக்கு முக்கால் மீட்டர் இருக்கு, தண்ணி மணிக்கு 5 மீட்டர் வேகத்துல எறங்குதுன்னு வச்சா அந்த மணலோட தண்ணிக்கு இருக்குற நேரம் வெறும் 9 நிமிஷம். இப்ப 8 மணி நேரம் வேகமா ஓட்டிட்டு பூட்டிட்டுப் போயிடுறீங்க. அதே தண்ணிய 24 மணி நேரமும் மெதுவா விட்டீங்கன்னா வேகம் மூணுல ஒண்ணு, நேரம் 27 நிமிஷம், பாக்டீரியாவுக்கு தின்ன அவகாசம் கெடைக்கும். இன்னொரு லாபமும் இருக்கு, பெட்ட நிறுத்திப் போட்டா உள்ள இருக்குற ஆக்சிஜன அதுங்க சில மணி நேரத்துலயே தின்னு தீத்துடும், அப்புறம் அழுகல் வாடைதான் வரும். அதனால நைட்டு கரண்ட் போனா இந்த ஒரு பம்புக்காச்சும் ஜெனரேட்டர் போடணும், டீசல் செலவு ஆகும், தெரியும். நைட் ஷிப்ட்டுக்கு ஆளு வேணும், பில்டர் ஹவுஸ் அண்ணனுங்க ஏற்கனவே ரெண்டு பேரு வேலய ஒருத்தரு பாக்குறீங்க, அதுக்கு ஆளு போடாம இத அவங்க தலையில மட்டும் கட்டிடாதீங்க ஆணையர் அய்யா.

"குடிக்கிற தண்ணியில பாக்டீரியாவா"ன்னு கவுன்சில் கூட்டத்துல ஒருத்தர் கண்டிப்பா எந்திரிப்பாரு. அவருக்கு இத சொல்லுங்க. 1892-ல ஹாம்பர்க்ல காலரா வந்து 8,000 பேருக்கு மேல செத்தாங்க, ஒட்டி இருக்குற அல்டோனா ஊரு அதே எல்ப ஆத்துல, அதுவும் ஹாம்பர்க் சாக்கட கலக்குற எடத்துக்குக் கீழ இருந்து தண்ணி எடுத்தும் பெருசா தப்பிச்சுது, ஏன்னா அவங்க மெதுவா ஓடுற மணல் பில்டர்ல விட்டு எடுத்தாங்க. அந்த மணல் மேல படிஞ்ச உயிர்ப் படலந்தான் கிருமிய நிறுத்துச்சு. ஐ.எஸ். 10500 படி 100 மில்லி தண்ணியில மலத்துல இருந்து வர்ற ஈ.கோலை கிருமி ஒண்ணு கூட இருக்கக் கூடாது, அந்த டெஸ்ட்டு இந்த பெட்டுக்கும் வழக்கத்த விட அடிக்கடி எடுக்கட்டும், ரிப்போர்ட்ட நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க.

எல்லாம் இனிக்க இனிக்கப் பேசல. முன் குளோரின் இல்லேன்னா தொட்டிச் செவுத்துல பாசி புடிக்கும், மேல பச்ச வலை கட்டி நிழல் போட்டா கொறையும். பெட்டு சீக்கிரம் அடைச்சுக்கும். எம்.ஐ.பி. ஜியோஸ்மின விட கொஞ்சம் அடம் புடிக்கும். திடீர்னு ஒரு வாரம் பாசி வெடிச்சுதுன்னா பாக்டீரியா மட்டும் தாங்காது, அதுக்கு கார்பன் தூள் நாலு மூட்ட கையிருப்பு வேணும். மணலுக்கு மேல கார்பன் குருணை ஒரு அடுக்கு போட முடிஞ்சா இன்னும் நல்லது, மொதல்ல கார்பன் வாடைய உறிஞ்சும், அது தீந்தாலும் அந்த ஓட்டையெல்லாம் பாக்டீரியா குடியேறி வேலயத் தொடரும். கொட்டாங்குச்சி கார்பன் நம்ம மாநிலத்துலயே பண்றாங்க. நமக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருக்கு, குளுரு நாட்டுல பனிக்காலத்துல இந்த பாக்டீரியா சோம்பிப் போயிடும், நம்ம ஊரு வெயில்ல அதுங்களுக்கு எப்பவும் பசிதான்.

வேல செய்யுதா இல்லையான்னு பாக்குறதுக்கு இவ்ளோ கொஞ்ச அளவயும் அளக்குற ஜி.சி.-எம்.எஸ். மிஷின் இருக்குற லேபுக்கு மாசம் ஒரு சாம்பிள் அனுப்புனா போதும், மத்த நாளுக்கு மூக்கு இருக்கு. பழைய முறைதான் இது, புத்தகத்துல இருக்கறது. சாம்பிள் தண்ணிய வாடையே இல்லாத தண்ணி கலந்து கலந்து 200 மில்லிக்கு கொண்டு வரணும், மூடி போட்ட குடுவையில லேசா சூடு பண்ணி மோந்து பாக்கணும், எத்தன மடங்கு கலக்குற வரைக்கும் வாடை தெரியுதுன்னு எழுதணும். 50 மில்லி சாம்பிள 200 ஆக்குனப்பதான் கடைசியா வாடை தெரிஞ்சுதுன்னா நம்பர் 4. ஒதுக்குன பெட்டுத் தண்ணி, மத்த பெட்டுத் தண்ணி, ரெண்டு குடுவை, எது எதுன்னு மோக்குறவங்களுக்கு தெரியக் கூடாது. வெத்தல பாக்கு, பொடி போடாத அஞ்சாறு பேர நான் கூட்டிட்டு வர்றேன், எங்க வியாபாரி மூக்கு ஒண்ணு போதும், கிலோவுக்கு 20 ரூவா கொறைக்கறதுன்னா அது எங்க இருந்தாலும் கண்டுபுடிச்சிடும்.

கடைசியா தேதி பத்தி. படலம் படிஞ்சு பெட்டு பழுக்க வாரக்கணக்குல ஆகும், வாடையத் தின்னப் பழக இன்னும் கூட ஆகலாம். சித்திரையில ஜனங்க கத்துனதுக்கப்புறம் ஆரம்பிச்சா ஆடி வந்துடும். அதனால மேட்டூர் மூடுற தை மாசத்துலயே, குளத்துல தண்ணி நல்லா இருக்கறப்பவே அந்த ஒரு பெட்டுக்கு குளோரின நிறுத்திடுங்க. அடுத்த கவுன்சில் கூட்டத்துல இத ஒரு பொருளா வைங்க சேர்மன் அம்மா, எந்த பெட்டு, பேக்வாஷுக்கு எந்தத் தொட்டி, நைட்டுக்கு யாரு, இந்த மூணுக்கும் அங்கயே பதில் வேணும். பாக்குற எடத்துல நானும் வந்து ஒக்காந்திருப்பேன்.

இப்படிக்கு,
தெக்குத்தெருவுல இருந்து ஒரு மீன் வளக்குறவன்